பாட்டனார் பெயர் போதாது, கணக்கைக் கேட்போம்



தேர்தல் பேச்சு எழுந்தாலே நமது தோட்டங்களில் முதலில் கிளம்புவது வேட்பாளரின் வம்சாவளிதான். இவர் இன்னாரின் பேரன், அவர் இன்னாரின் மருமகன், இவர் நம் தோட்டத்துப் பிள்ளை, நம் ஆள். போஸ்டரில் பாதி இடத்தில் அவர் முகம், மீதி இடத்தில் பாட்டனாரின் முகம். எந்தச் சபையில் என்ன பேசினார், எதற்கு ஆதரவாகக் கை தூக்கினார், எப்போது வாய் மூடி இருந்தார் என்பதற்கு அந்தப் போஸ்டரில் இடமே இல்லை. சம்பள விடயத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், லயத்துக்குக் கூரைத் தகரம் கொடுத்த கதையைச் சொல்கிறார்கள்.

இந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது என்கிறோம். வெறும் கோபத்தில் சொல்லவில்லை. நமது மக்கள் முதன்முதலில் வாக்களித்த காலத்திலிருந்து நடந்ததை வைத்துச் சொல்கிறோம்.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பின்படி இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. அரசாங்க சபைக்கு 50 உறுப்பினர்களை மக்கள் தெரிவு செய்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் அந்த உரிமை முழுதாகக் கிடைக்கவில்லை. இந்த நாட்டில் நிலையாகக் குடியிருக்கிறேன் என்று அவர் காட்ட வேண்டியிருந்தது. அப்படி இருந்தும் நம்மவர்கள் பட்டியலில் ஏறினார்கள். 1931 முதல் 1947 வரை ஹட்டன் தொகுதி இரண்டு பேரைச் சபைக்கு அனுப்பியது. அந்த இருவரின் பின்னணியையும் தேர்தல் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாமவர் பெரி. சுந்தரம். மலையகத்தில் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் சென்று, சட்டத்தரணியானவர். நம் மண்ணின் பிள்ளை என்று சொல்ல அவரை விடப் பொருத்தமானவர் அன்று எவருமில்லை. 1931 இல் ஹட்டனில் போட்டியின்றித் தெரிவானார். தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனார். அவருடைய காலத்தில் 1934 இல் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டமும் 1935 இல் தொழிற்சங்கச் சட்டமும் வந்தன. இன்று நாம் பதிவு செய்த சங்கமாக நிற்பதற்கு அந்த 1935 ஆம் ஆண்டுச் சட்டமே அடித்தளம். இதை மறைத்தால் அது நேர்மை அல்ல.

அதே ஆண்டுகளில் உலகப் பொருளாதார நெருக்கடி என்ற பெயரில் தோட்டச் சம்பளம் குறைக்கப்பட்டதையும் மறைக்கக் கூடாது. 1927 ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த ஆகக்குறைந்த சம்பளமே சில சதங்கள்தான். அதிலும் கை வைத்தார்கள். அமைச்சர் தனியாக எதையும் முடிவு செய்யும் முறை அன்று இருக்கவில்லை. ஏழு நிர்வாகக் குழுக்கள் இருந்தன, அவற்றுக்கு மேலே ஆளுநர் இருந்தார், தோட்டத் துரைமாரின் செல்வாக்கு எல்லா இடத்திலும் இருந்தது. ஆகவே ஒரு மனிதர் தலையில் பழியைப் போட நாம் வரவில்லை. நாம் சொல்வது இதுதான்: தொழில் அமைச்சரின் நாற்காலியில் நம் ஆள் அமர்ந்திருந்தும் நம் சம்பளம் தப்பவில்லை. போட்டியின்றி வந்த உறுப்பினரிடம் ஒரு தேர்தல் மேடையில்கூடக் கணக்குக் கேட்கும் வாய்ப்பு தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாமவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், பிராமணர், பத்திரிகைக்காரர். லயத்தில் பிறந்தவர் அல்ல. வம்சாவளி பார்த்திருந்தால் அவருக்கு ஒரு வாக்கும் விழுந்திருக்காது. தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலம் அது. அவர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய், துண்டு முறையையும் கடனையும் லய வாழ்க்கையையும் கண்ணால் பார்த்து எழுதினார். ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி, எழுத்து வாசனை அறியாதவர்களுக்கும் அரசியலைக் கொண்டு போனார்.

அவருடைய தேர்தல் வரலாற்றிலும் பாடம் உண்டு. 1920களின் நடுவில் இந்தியருக்கென ஒதுக்கிய இடத்தில் சட்ட நிரூபண சபைக்குப் போனார். அன்று வாக்கு இருந்தது படித்தவர்களுக்கும் சொத்துக்காரர்களுக்கும்தான். கொழுந்து பறித்தவர்களுக்கு இல்லை. 1931 இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். முதலில் சங்கத்தைக் கட்டினார், அதற்குப் பிறகுதான் தொழிலாளியின் வாக்கைக் கேட்டார். 1936 இல் ஹட்டன் உறுப்பினரானார். இந்த வரிசையை நமது வேட்பாளர்கள் கவனிக்க வேண்டும். இன்று பலருக்கு நாடாளுமன்ற ஆசை முதலில் வருகிறது, சங்கம் பிறகு வருகிறது, தொழிலாளி தேர்தல் மாதத்தில் வருகிறார்.

நடேசய்யரையும் நாம் சாமி ஆக்கவில்லை. அவருடைய இயக்கம் ஒருவரின் பேச்சையும் பேனாவையும் நம்பி நின்றது. 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கமும் வந்தபோது தொழிலாளர்கள் பெருமளவில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். 1947 பொதுத் தேர்தலில் மலையகத்திலிருந்து காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். அந்த ஏழு பேரில் நடேசய்யர் இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் அவர் மறைந்தார்.

தொண்டமான், இராஜலிங்கம், சி. வி. வேலுப்பிள்ளை, குமாரவேலு, மோத்தா, சுப்பையா, இராமானுஜம் ஆகிய அந்த ஏழு பேருக்கும் வந்த பலம் தொழிலாளியின் வாக்கு. அதனால்தான் அந்த வாக்கையே பறித்தார்கள். 1948 இல் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். அதே ஆண்டில் தேர்தல் சட்டத் திருத்தம். மூன்று சட்டங்கள், இரண்டே ஆண்டுகள். 1952 தேர்தலில் மலையகத் தொழிலாளியின் வாக்கால் தெரிவான காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அதன் பிறகு 1977 இல் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் வரும்வரை 25 ஆண்டுகள் போயின.

இடையில் நம்மவர்கள் சபைக்குப் போகவே இல்லையா? போனார்கள், நியமன உறுப்பினர்களாக. தொண்டமான் 1960 இலும் 1965 இலும், அஸீஸ் 1970 இல். நியமித்தது அரசாங்கம். நம் கையில் அவர்களை அனுப்பும் உரிமையும் இல்லை, திருப்பி அழைக்கும் உரிமையும் இல்லை. அந்த ஆண்டுகளில்தான், 1964 இல், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நம்மில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே என்று கூறு போட்டது. அந்த மேசையில் நமக்கு நாற்காலி போடவில்லை. சபையில் நம் முகம் இருந்தது. நம் வாக்கு இருக்கவில்லை.

‘எப்படிப்பட்டவராக இருந்தாலும் நம் ஆள் ஒருவர் சபையில் இருந்தால் போதாதா?’ என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நம் ஆள் இல்லாத சபையின் கொடுமையை 25 ஆண்டுகள் அனுபவித்தவர்கள் நாம். ஆள் வேண்டும்தான். ஆனால் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் வேண்டும். 1987 இல் வந்த பிரதேச சபைச் சட்டம் தோட்ட வீதிக்கும் லயத்துக்கும் சபைப் பணத்தைச் செலவிட வழி விடவில்லை. அதைத் திருத்த 2018 வரை காத்திருந்தோம். அந்த 31 ஆண்டுகளில் நாடாளுமன்றத்திலும் மாகாண சபைகளிலும் பிரதேச சபைகளிலும் நம் ஆட்கள் இருந்தார்கள். அமைச்சர்களும் இருந்தார்கள். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். அது சம்பள நிர்ணயச் சபை மூலம் வந்தது 2021 இல்தான். அதற்குள் அந்த ஆயிரம் ரூபாயின் பெறுமதி கரைந்து போயிருந்தது.

இப்போது மாகாண சபையைப் பாருங்கள். மத்திய மாகாணத்தில் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல், ஊவாவில் 2014 இல். அன்றைக்குப் பாலர் வகுப்பில் இருந்த நம் பிள்ளைகள் இன்று உயர்தரப் பரீட்சை வயதை எட்டிவிட்டார்கள். நமது பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை என்று நாங்கள் எழுதும் கடிதம் போகும் இடமும் மாகாணம்தான். அங்கே மக்கள் தெரிவு செய்த சபை இல்லை. நியமிக்கப்பட்ட ஆளுநர் இருக்கிறார். கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. 1952 முதல் 1977 வரை நாம் பட்ட பாட்டின் சின்ன வடிவம் இது. இந்தத் தேர்தலை நடத்தும்படி கேட்பது கட்சிக்காரர்களின் வேலை மட்டும் அல்ல, நமது வேலையும்தான்.

தேர்தல் வரும். அன்று வம்சாவளியோடு வருகிறவர்களிடம் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும்.

1. இதுவரை எந்தெந்தத் தேர்தலில், எந்தக் கட்சியில், எந்தச் சின்னத்தில் நின்றீர்கள்? கட்சி மாறியிருந்தால் ஏன் மாறினீர்கள், மாறுவதற்கு முன் வாக்களித்தவர்களிடம் கேட்டீர்களா?

2. சபையில் இருந்த காலத்தில் சம்பளம், காணி, வீடு, பாடசாலை பற்றி எத்தனை முறை பேசினீர்கள்? எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தீர்கள்? ஹன்சாட் இருக்கிறது, பார்த்துக்கொள்வோம்.

3. அமைச்சோ பதவியோ ஏற்றிருந்தால், தொழிலாளிக்காக என்ன நிபந்தனை போட்டு ஏற்றீர்கள்?

4. தேர்தல் செலவுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் அந்தக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். அதை எங்களுக்கும் காட்டுவீர்களா?

5. வென்ற பிறகு ஆண்டுக்கு எத்தனை முறை இந்தத் தோட்டத்துக்கு வந்து, மேடை போடாமல், கமிட்டி முன் உட்கார்ந்து பதில் சொல்வீர்கள்?

நமது சங்கம் ஆதரிக்கும் வேட்பாளருக்கும் இதே ஐந்து கேள்விகள்தான். அதில் ஒரு கேள்வியும் குறையக் கூடாது. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டிக் கொடுக்கும் சந்தா எவருடைய போஸ்டருக்கும் போகக் கூடாது என்று கேட்கவும் அங்கத்தவருக்கு உரிமை உண்டு. இதைக் கேட்கும் தோட்டத் தலைவரையோ மாதர் சங்கத் தலைவியையோ ‘எதிர்க்கட்சி ஆள்’ என்று முத்திரை குத்துவதை நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலேயே இந்தக் கேள்விகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். படியெடுத்துப் பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நமது பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். வேட்பாளர் வரும்போது மாலையோடு இந்தத் தாளையும் அவர் கையில் கொடுங்கள்.