நோட்டீஸ் ஒட்டிய பிறகு போட்ட கூரை

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் மதிலை ஒட்டி எழுப்பும் கூடுதல் கட்டடம் பற்றி உங்கள் அலுவலகத்திலும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து ஓய்ந்துவிட்டேன். இனி ஊரறிய எழுதுவதைத் தவிர வழியில்லை. பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகள் சொல்வது நீங்கள் அறியாததல்ல. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பில்லர் குழி தோண்டியபோதே எங்கள் அஸ்திவாரக் கருங்கல் வெளியே தெரிந்தது. எங்களுடையது பில்லர் இல்லாத பழைய வீடு. சுவர்தான் பாரம் தாங்குகிறது. சமையலறைச் சுவரில் விரிசல் விட்டது. நகரமைப்பு ஆய்வாளர் வந்து டேப் பிடித்து அளந்தார். அனுமதி வாங்கிய வரைபடத்தில் காலியிடம் என்று காட்டிய பகுதியில்தான் குழி இருக்கிறது என்று எங்கள் எதிரிலேயே சொன்னார். அவருடைய அறிக்கை மேசை மேசையாக நகர்ந்து நோட்டீஸாக வருவதற்குள் பில்லர் எழுந்து, சென்டரிங்கும் அடித்தாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலையை நிறுத்தச் சொல்லி உங்கள் கையெழுத்தோடு நோட்டீஸ் ஒட்டினார்கள். இனி பயமில்லை என்று அம்மா சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கலவை இயந்திரம் வந்து நின்றது. ஆய்வாளரின் போன் அணைந்திருந்தது. காவல் நிலையத்தில், அது நகராட்சி விவகாரம் என்றார்கள். சாயங்காலத்துக்குள் கூரை கான்கிரீட் போட்டு முடித்தார்கள். மறுநாள் உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில்: "கட்டிட்டாங்களே சார், இனிமே சிவில் கோர்ட்டுக்குப் போங்க."

எதற்குப் போக வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரர் தன் மனையில்தான் கட்டுகிறார்; இடத்தகராறு ஏதும் இல்லை. மீறப்பட்டது உங்கள் உத்தரவு. அதைக் காப்பாற்ற வழக்குப் போட வேண்டியவன் நானா? விடுமுறை நாள் பார்த்துக் கூரை போடும் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது? எழுப்பிவிட்டால் இடிக்க மாட்டார்கள், என்றாவது ஒருநாள் வரன்முறைப்படுத்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தானே? அந்த நம்பிக்கையை ஊட்டி வளர்ப்பது உங்கள் அலுவலகத்தின் மௌனம்.

எங்கள் பயம் வீண் பயமல்ல. 2019 டிசம்பர் 2 அன்று விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்து வீடுகள் மேல் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி அங்கிருந்தவர்கள் முன்பே அஞ்சிக்கொண்டுதான் இருந்தார்கள். மழைச் சத்தம் கேட்டாலே என் அம்மா இப்போது சமையலறைப் பக்கம் போவதில்லை. அங்கிருந்த ஒரே சன்னலுக்கு வெளியே ஒரு கை அகலத்தில் செங்கல் சுவர் நிற்கிறது.

ஆணையர் அவர்களே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அனுப்பி எங்கள் அஸ்திவாரத்தைப் பாருங்கள். அந்தக் கட்டடத்துக்குச் சீல் வையுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்று எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நகராட்சிக்குத் தவறாமல் சொத்துவரி கட்டிவரும் ஒருவன்