நிறம் போனால் அழுக்குப் போய்விடுமா?

"கடல் எதைப் போட்டாலும் செரித்துக்கொள்ளும்" என்பது எங்கள் வீராம்பட்டினத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஆற்றில் குப்பை கொட்டுகின்றவர் மட்டுமல்லர், படித்தவரும் இதைச் சொல்கின்றனர். அவர்களுக்குச் சான்றாக நிற்பது சித்திரை மாதக் கடல். ஐப்பசி, கார்த்திகையில் தேநீர் நிறத்தில் கிடந்த முகத்துவாரம் சித்திரையில் தெளிந்துவிடுகின்றது. கடல் தன்னைத் தானே கழுவிக்கொண்டதாம்! இக்கூற்றில் பாதி உண்மை. மறுபாதி ஆபத்தானது என்பதே என் கருத்து.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு என்று படித்தோம். வடிதாளில் தங்காமல் நீரோடு நீராய்க் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களைப் பற்றி நம் பாடநூல் வாய் திறப்பதில்லை. இலை, சருகு, பாசி, சாக்கடை எல்லாம் மக்கிக் கரைந்தவை அவை. கரையோரத்தில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். ஆனால் உலகக் கடல்கள் அனைத்திலும் சேர்த்தால் அதிலுள்ள கார்பன் ஏறத்தாழ 66,000 கோடி டன். காற்றுமண்டலத்தில் கரியமில வாயுவாக உள்ள கார்பனோடு ஒப்பிடத்தக்க அளவு இது!

வடகிழக்குப் பருவமழையில் அரியாங்குப்பம் ஆறு ஊர்க்கழிவையும், தேங்காய்த்திட்டு அலையாத்தி மரங்களின் இலைச்சாற்றையும் சேர்த்தே கொண்டுவருகின்றது. பழுப்பு எல்லாம் அழுக்கன்று; அலையாத்தி தரும் பழுப்பு இயற்கையானது. புற ஊதாக் கதிர்களை அது தடுப்பதால் நீரிலுள்ள சிற்றுயிர்களுக்கு ஒரு குடை போலவும் உதவுகின்றது.

மழை ஓய்ந்து, ஆறு வற்றி, வெயில் ஏறுகின்றது. புற ஊதாக் கதிர்கள் நிறமுள்ள மூலக்கூறுகளை உடைக்கின்றன. ஒரு பகுதி கரியமில வாயுவாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகின்றது. மற்றொரு பகுதி சிறு துண்டுகளாகி பாக்டீரியாக்களுக்கு இரையாகின்றது. அவை அதைத் தின்னும்போது நீரிலுள்ள ஆக்சிஜனும் செலவாகின்றது. மீதி நிறமின்றி அங்கேயே கிடக்கின்றது. நிறம் போயிற்று, பொருள் முழுவதும் போகவில்லை. ஈயம், பாதரசம் போன்றவற்றை எந்த வெயிலாலும் அழிக்க முடியாது. பிளாஸ்டிக்கோ நொறுங்கிப் பொடியாகின்றது, அவ்வளவே.

என் தந்தை விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். பள்ளிக்கூடம் அறியாதவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வலை பின்னிக்கொண்டே அவர் சொன்னார்: "தண்ணி நெறத்த நம்பி வல போட்டா வயிறு நெறையாதுடா." ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் செயற்கைக்கோள் காட்டும் பச்சையத்தையும் வைத்தே மீன்வளப் பகுதிகளை அறிவிக்கின்றது. கரைந்த பழுப்புப் பொருளும் பச்சையம் போலவே நீல ஒளியை விழுங்குவதால், கரையோர நீரில் செயற்கைக்கோள் கணக்கும் பிசகக்கூடும். தந்தையின் சொல் விஞ்ஞானத்துக்கு அவ்வளவு தூரமில்லை அன்றோ?

சென்ற கார்த்திகையில் ஆற்றுநீரை வடிகட்டி இரு கண்ணாடிப் புட்டிகளில் அடைத்தேன். ஒன்றை மாடியில் வெயிலிலும், மற்றொன்றை அரிசிப் பானைக்குள்ளும் வைத்தேன். (அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.) இரு மாதம் கழித்து வெயிற்புட்டி வெளுத்திருந்தது, பானைப் புட்டி அப்படியே பழுப்பாயிருந்தது. "வண்டல் அடியில் படிந்திருக்கும்" என்றார் ஓர் ஆசிரியர். படிந்திருந்தால் இரண்டிலும் அல்லவா படிந்திருக்க வேண்டும்?

நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நிறமானி இருக்கின்றது. தேர்வு வாரம் தவிர அதன் உறை கழன்று நான் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை முகத்துவாரத்தில் ஒரு புட்டி நீர் எடுத்து, நிறத்தோடு கரைந்த ஆக்சிஜனையும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவைப்போம். ஆக்சிஜனை அளக்கும் வின்க்ளர் முறையை நாம் செய்முறையில் படித்தாயிற்று. நீர் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. நோட்டை அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைக்க வேண்டியது துறையின் பொறுப்பு.