எடை குறைந்தாச்சு... சி-பாப் மெஷினை ஓரங்கட்டலாமா?

"20 கிலோ குறைஞ்சாச்சு. குறட்டைச் சத்தமே இல்லை. இன்னும் எதுக்கு இந்த மாஸ்க்?"

தூக்கத்தில் மூச்சு தடைப்படும் 'ஸ்லீப் ஆப்னியா' பிரச்னைக்காக இரவுதோறும் சி-பாப் மெஷின் மாட்டிக்கொண்டு படுப்பவர்கள், எடை குறைந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, பேரியாட்ரிக் அறுவைசிகிச்சை, புதிதாக வந்திருக்கும் ஊசி மருந்துகள்... எந்த வழியில் எடை குறைந்திருந்தாலும் கேள்வி நியாயமானதே.

ஆனால், பலர் பதிலை அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். சிலர் மெஷினைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். வேறு சிலரோ, சட்டை சைஸ் இரண்டு குறைந்த பிறகும், பல வருடங்களுக்கு முன் டாக்டர் செட் செய்து கொடுத்த அதே காற்றழுத்தத்தில், அதே மாஸ்க்கோடு காலம் தள்ளுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. எடை கணிசமாகக் குறைந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை, மறுபரிசோதனை.

எடைக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். கழுத்திலும் தொண்டையைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகலாக இருக்கும். தசையும் தளர்ந்தால் அது அடைபட்டுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறி எழுப்பிவிடும். தூங்குபவருக்கு இது எதுவுமே காலையில் ஞாபகம் இருக்காது. பகலில் தூங்கி வழிவதும், எழுந்ததும் வரும் தலைவலியும், ஏறிய ரத்த அழுத்தமும்தான் மிச்சம்.

குறைந்தது 10 விநாடிகள் மூச்சு நிற்பது அல்லது வெகுவாகக் குறைவது ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நடக்கிறது என்பதே இந்த நோயின் அளவுகோல். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசான பாதிப்பு. 15 முதல் 30 வரை மிதமானது. 30-ஐத் தாண்டினால் தீவிரம்.

எடை குறைந்தால் இந்த எண்ணும் குறையும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல வருடங்கள் நடந்த ஆய்வின் முடிவு 2000-ம் ஆண்டில் வெளியானது. உடல் எடையில் 10 சதவிகிதம் குறைந்தால் இந்த எண் சுமார் 26 சதவிகிதம் குறைவதாக அது கணித்தது. 2020-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ ஸ்கேன் மூலம் இன்னொன்றைக் கண்டார்கள். எடை குறையும்போது நாக்கில் சேர்ந்த கொழுப்பும் கரைகிறது; மூச்சு சீராவதற்கு முக்கியக் காரணமே அதுதான். தொப்பை மட்டுமல்ல, நாக்கும் இளைக்கிறது!

குறைவது வேறு, குணமாவது வேறு

இங்கேதான் கவனம் தேவை. எடை குறைப்பு ஊசியான டிர்ஸெபடைடு, உடல் பருமனோடு மிதமான அல்லது தீவிர ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. 2024-ல் முடிவுகள் வெளிவந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நோய்க்கும் அனுமதி கிடைத்தது. ஒரு வருடத்தில் எடை சராசரியாக 18 முதல் 20 சதவிகிதம் குறைந்தது. தொடக்கத்தில் மணிக்கு சுமார் 50 தடவை மூச்சு தடைப்பட்டவர்களுக்கு அது 25 முதல் 29 வரை குறைந்தது.

பெரிய முன்னேற்றம்தான். ஆனால், கணக்கைக் கவனியுங்கள். 50-ல் 25 போனால் மிச்சம் 25. அது இன்னமும் மிதமான பாதிப்பு. நோய் முற்றிலும் நீங்கியவர்கள், அல்லது பகல் தூக்கம் இல்லாத லேசான நிலைக்கு வந்தவர்கள் 40 முதல் 50 சதவிகிதம் பேர். மற்றவர்களுக்கு சிகிச்சை இன்னும் தேவை. ஒருவர் எந்தப் பாதியில் இருக்கிறார் என்பதை எடை மெஷின் சொல்லாது, கண்ணாடியும் சொல்லாது.

ஏன் சிலருக்கு மட்டும் முழுதாகப் போவதில்லை? மூச்சுப்பாதையைக் குறுக்குவது கொழுப்பு மட்டுமல்ல. உள்வாங்கிய சின்னத் தாடை, பெரிய டான்சில், மூக்கடைப்பு, வயது, மாதவிடாய் நின்ற பிறகான மாற்றங்கள் என்று பல காரணங்கள் உண்டு. ஆசிய மக்களில் அதிகப் பருமன் இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருவதற்கு முக அமைப்பு ஒரு காரணம். தாடை எலும்பு டயட்டில் மாறாதே!

குறட்டை நின்றதையும் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. சத்தம் அடங்கிய பிறகும் மூச்சுத் தடை தொடரலாம்.

மெஷின் திரையில் '2' என்று காட்டுகிறதே?

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காலையில் மெஷின் திரையிலோ, மொபைல் ஆப்பிலோ '2' அல்லது '3' என்று எண் வரும். "ஐந்துக்குக் கீழேதானே... எனக்கு சரியாகிவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்த அழுத்தம் 120/80 என்று வந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இதுவும் அப்படித்தான். சி-பாப், காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனின் குழு 1981-ல் இந்தச் சிகிச்சையை வெளியிட்டதிலிருந்து அடிப்படை மாறவில்லை. பந்தலுக்கு முட்டுக்கொடுத்திருக்கும்வரை, பந்தல் தானாக நிற்குமா என்று தெரியாது. மெஷின் காட்டுவது முட்டோடு நிற்கும் கணக்கு.

தானாக நிறுத்தினால்...

நோய் மிச்சமிருப்பவர் மெஷினை நிறுத்தினால், மூச்சுத் தடை மெள்ள மெள்ளத் திரும்புவதில்லை. சில இரவுகளிலேயே வந்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், சி-பாப் சிகிச்சை இரண்டு வாரங்கள் நிறுத்தப்பட்டவர்களுக்கு பகல் தூக்கம் திரும்பியது. காலை நேர ரத்த அழுத்தத்தில் மேல் அளவு சராசரியாக 8 புள்ளிக்கும் மேல் ஏறியது. வாகனம் ஓட்டுபவர், இரவு ஷிஃப்ட் பார்ப்பவர், இதய நோயாளி ஆகியோருக்கு இந்த இரண்டு வாரமே ஆபத்தானது.

பழைய அழுத்தத்திலேயே தொடர்ந்தால்...

உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அவதி. முகம் இளைத்ததும் பழைய மாஸ்க் சரியாகப் பொருந்தாது. ஓரத்தில் காற்று கசியும், கண் எரியும், வாய் உலரும். தேவைக்கு மேலான அழுத்தம் வயிற்றுக்குள் காற்றை ஏற்றி உப்புசமாக்கும். இதனால் வெறுத்துப்போய் மெஷினையே தூக்கி வைத்துவிடுபவர்களும் உண்டு. மாஸ்க் அளவை மாற்றுவதும் அழுத்தத்தைக் குறைப்பதும் டாக்டருக்குச் சின்ன வேலைதான்.

தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் 'ஆட்டோ' வகை மெஷினாக இருந்தால், அதன் பதிவுகளை டாக்டரிடம் காட்ட வேண்டும். முன்பு 12 வரை போன அழுத்தம் இப்போது 7-லேயே நிற்கிறது என்றால் நல்ல அறிகுறி. மறுபரிசோதனைக்கு அதுவும் ஒரு காரணம்.

எப்போது, எப்படிப் பரிசோதிப்பது?

* உடல் எடையில் சுமார் 10 சதவிகிதம் குறைந்திருந்தால், அதாவது 90 கிலோ இருந்தவர் 81-க்கு வந்திருந்தால், டாக்டரிடம் கேட்கலாம். எடை இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால், ஓர் அளவில் நிலைத்த பிறகு செய்வது நல்லது.

* நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை மெஷின் இல்லாமல் தூங்கித்தான் செய்ய வேண்டும். எத்தனை இரவுகளுக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பதை டாக்டரே முடிவு செய்வார். அந்த நாள்களில் வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது.

* பலருக்கு, வீட்டிலேயே கருவியைப் பொருத்திக்கொண்டு படுக்கும் பரிசோதனை போதும். இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிச் செய்வது தேவைப்படலாம்.

* மல்லாந்து படுத்த நேரமும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். எடை குறைந்த பிறகு சிலருக்கு மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை வரும். இரவு முழுக்க ஒருக்களித்தே படுத்திருந்தால் அது தெரியாமல் போகலாம்.

முடிவு 5-க்குக் கீழே வந்து, பகல் தூக்கமும் இல்லையென்றால், டாக்டர் மெஷினுக்கு விடை கொடுக்கலாம். லேசான நிலையென்றால் ஒருக்களித்துப் படுக்கும் பழக்கம், கீழ்த்தாடையை முன்னால் நிறுத்தும் பல் கருவி போன்ற எளிய வழிகள் உண்டு. 15-க்கு மேல் என்றால் மெஷின் தொடரும். பெரும்பாலும் குறைந்த அழுத்தத்தில்.

நிறுத்திய பிறகும்...

மெஷினை உடனே விற்றுவிட வேண்டாம். குறைந்த எடை திரும்ப ஏறுவது சகஜம். ஊசியை நிறுத்தியவர்களுக்கு இது அதிகம். எடை ஏறினால் மூச்சுத் தடையும் திரும்பும். வேறு அறுவைசிகிச்சைக்குப் போனால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்தப் பழைய கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் படுப்பவரின் காதும் கண்ணும் இதில் பெரிய உதவி. மூச்சு நின்று, திணறி, மறுபடி வருவதைக் கணவனோ மனைவியோ கவனித்தால், அதை சண்டையாக்காமல் தேதியோடு குறித்துவைத்து டாக்டரிடம் காட்டலாம். தூங்குபவருக்குத் தெரியாத விஷயத்தை அவருக்காகக் கவனிக்க வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?