ஆறிலக்கக் குறியில் இல்லாத பெயர்

2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கப்படும் முத்திரைத் தங்க நகை ஒவ்வொன்றும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கக் குறியொன்றைத் தாங்கியாக வேண்டும். அக்குறியைக் கைப்பேசிச் செயலியில் இட்டுப் பார்த்தால் தங்கத்தின் மாற்று என்ன, நகையைப் பதிவு செய்த வணிகர் யார், எந்த மையத்தில் சோதிக்கப்பட்டது என்பன தெரியவரும். மாற்றுக் குறைந்த தங்கத்தை 22 காரட் விலைக்கு விற்கும் மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு என்ற அளவில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்நகையைச் செய்தவர் யார் என்ற கேள்விக்கு அக்குறியில் விடை இல்லை. உலோகத்துக்கு அடையாளம் உண்டு, வணிகருக்கு உண்டு, சோதனை மையத்துக்கும் உண்டு. உழைத்தவருக்கு மட்டும் இல்லை.

இதனைக் கவனக்குறைவால் நேர்ந்த விடுபடல் என்று கொள்ள முடியாது. நகைத் தொழிலில் கைத்திறன் எவ்வாறு மதிப்பிடப்படுகிறது என்பதன் நேரடி வெளிப்பாடே இது.

கொல்கத்தாவின் பௌபஜார், மும்பையின் ஜவேரி பஜார், தில்லியின் கரோல்பாக் ஆகிய இடங்களின் பின்சந்துகளில் நகைப் பட்டறைகள் அடுக்கடுக்காக இயங்குகின்றன. அவற்றில் குனிந்து அமர்ந்திருப்போரில் பெரும்பகுதியினர் மேற்கு வங்கத்தின் ஹவுரா, ஹூக்ளி, மேதினிப்பூர் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். தாஸ்பூர், கட்டால், டோம்ஜூர் போன்ற பகுதிகளில் ஆண்பிள்ளைகள் விவரம் தெரிந்த வயதிலேயே ‘சோனார் காஜ்’ எனும் பொன்வேலைக்குப் புறப்பட்டுவிடுவது வழக்கம். நம் கோவையிலும் இவர்கள் உண்டு. இவர்கள் எல்லோரும் பிறப்பால் பொற்கொல்லர் அல்லர். நிலமற்ற பல சாதியினரும் முஸ்லிம்களும் இத்தொழிலில் கலந்திருக்கின்றனர். குறைந்த தங்கத்தில் பெரிதாகத் தோன்றும் நகையைச் செய்வதில் வங்கத் தொழிலாளிக்கு ஈடில்லை என்று வணிகர்களே ஒப்புக்கொள்கின்றனர். அந்தப் புகழுரையின் பொருளைச் சற்று விரித்துப் பார்ப்பது நல்லது.

ஒரே ஒருவருக்காக, ஒரே ஒருமுறை செய்யப்படும் மோதிரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 17 மில்லிமீட்டர்; தகட்டின் கனம் 2 மில்லிமீட்டர். உள்விட்டத்தை மட்டும் 3.14ஆல் பெருக்கி 53.4 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகட்டை வெட்டினால் அம்மோதிரம் விரலில் ஏறாது. வளைக்கும்போது தகட்டின் உட்புறம் சுருங்குகிறது, வெளிப்புறம் நீள்கிறது, நடுக்கோடு மட்டுமே தன் நீளத்தைக் காத்துக்கொள்கிறது. எனவே கனத்தையும் சேர்த்து 19ஐப் பெருக்கி 59.7 என்று வெட்ட வேண்டும். பிறகு இணைப்பின் விளிம்பை ராவுவதற்கும், மெருகிடும்போது தேய்ந்துபோவதற்கும் எவ்வளவு கூட்டி வைப்பது என்பதையும் முன்கூட்டியே எண்ணியாக வேண்டும். பொறியியல் கல்லூரியில் தனிப் பாடமாக நடத்தப்படும் இந்தக் கணக்கைப் பள்ளிப் படிப்பை முடிக்காத தொழிலாளி தாள் எடுக்காமல் போட்டுவிடுகிறார். அரசின் ஏடுகளில் அவர் ‘கல்வித் தகுதி அற்றவர்’.

அடுத்தது நெருப்பு. தூய தங்கம் 1064 பாகை செல்சியசில் உருகும். செம்பும் வெள்ளியும் கலந்தால் அந்த அளவு இறங்கும். பற்றாசு அதனினும் சற்றே குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும். ஆனால் மிகவும் குறைந்துவிடலாகாது, ஏனெனில் பற்றாசையும் சேர்த்தே முழு நகையும் 916 மாற்றுக்குத் தேற வேண்டும். ஒரு நகையில் இருபது இணைப்புகள் இருந்தால் முதலில் வைத்த பற்றாசு பின்னால் வைக்கும் நெருப்பில் இளகிவிடாதபடி வரிசை வகுத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய தகடும் மயிரிழைக் கம்பியும் அருகருகே இருக்கும்போது, தகடு சூடேறுவதற்குள் கம்பி உருகி உருண்டையாகிவிடும். வெங்காரம் கண்ணாடிபோல் பளபளக்கும் கணம், உலோகம் மங்கிய சிவப்பிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறும் கணம், பற்றாசு ஒளிக்கோடாக ஓடும் கணம் ஆகிய மூன்றையும் கண்ணே கண்டுகொள்ள வேண்டும். பட்டறைகளில் நெருப்பு வேலை மங்கிய மூலையில் நடப்பதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று; வெளிச்சம் மிகுந்த இடத்தில் அந்த நிறமாற்றம் தெரியாது.

கம்பியச்சின் ஒவ்வொரு துளையிலும் இழுக்கப்படும்தோறும் கம்பி இறுகும். இறுகியதைக் காய்ச்சி இளக்காமல் மேலும் இழுத்தால் அறுந்துவிடும். எப்போது இளக்குவது என்பதை இழுக்கும் கையே சொல்கிறது. 2024இல் புவிசார் குறியீடு பெற்ற கட்டாக்கின் வெள்ளிக் கம்பி வேலை முழுவதும் இந்த ஒரு நுட்பத்தின் மேல் நிற்கிறது. ஜெய்ப்பூரின் குந்தன் வேலையிலோ சிக்கல் நேர்மாறானது. அங்கே பின்புறத்து வண்ண மினுக்குப் பூச்சு முன்னரே சூளையில் சுடப்பட்டு முடிந்திருக்கும். மறுபடி நெருப்புக் காட்டினால் பூச்சு கெடும். எனவே கல்லைச் சுற்றி மிகத் தூய தங்க இழைத்தகட்டை நெருப்பின்றி, அழுத்தத்தால் மட்டுமே ஒட்டவைக்கின்றனர். இதற்கு வேண்டியது வலிமையன்று, விரல்நுனியின் அளவறிவு.

தனிநகை வேலையில் இரண்டாம் வாய்ப்பு கிடையாது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆயிரம் படிகள் வார்க்கும் ஆலையில் முதல் படியின் பிழை அடுத்ததில் திருத்தப்படும். இங்கே கொடுத்த கல் ஒன்று, கொடுத்த தங்கம் இவ்வளவு, கேட்ட நாள் இது. கெட்டால் தொழிலாளியின் கணக்கில் ஏறும்.

இவ்வளவு அறிவும் எப்படி விலை பெறுகிறது? எடையால். பட்டறைக்குத் தங்கம் எடைபோட்டுத் தரப்படுகிறது, நகை எடைபோட்டு வாங்கப்படுகிறது. இடையில் அனுமதிக்கப்பட்ட சேதாரத்துக்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்தம். பொற்கொல்லன் என்றாலே ஐயுறும் வழக்கம் சிலப்பதிகாரத்திலிருந்தே நம் மனத்தில் படிந்திருக்கிறது. அந்த ஐயத்தையே கணக்குமுறையாக்கி லாபம் காண்கிறது வணிக மூலதனம். கடையில் வாங்குவோரிடம் செய்கூலி பெரும்பாலும் தங்க விலையில் இத்தனை விழுக்காடு என்று வசூலிக்கப்படுகிறது. தங்கம் பத்துக் கிராம் ஒரு லட்சம் ரூபாயை 2025இல் தாண்டியபோது அந்தச் செய்கூலியும் தானாக உயர்ந்தது. பட்டறைத் தொழிலாளிக்கோ கிராமுக்கு இவ்வளவு, உருப்படிக்கு இவ்வளவு என்பதே கூலி. தங்க விலை ஏறினால் அது ஏறுவதில்லை. ஏறிய விலையில் மக்கள் குறைந்த எடையில் வாங்கும்போது அவருக்கு வேலை குறைகிறது. குறைந்த எடையில் அதே தோற்றம் வேண்டும் என்பதால் வேலையின் நுட்பமோ கூடுகிறது. உழைப்பு மிகுந்து, கூலி குறைகிறது. இதைச் ‘செய்கூலி’ என்று அழைப்பது மொழிக்கே இழைக்கப்படும் அநீதி.

இயந்திரம் வந்துவிட்டதே, கைத்திறனைப் பற்றிப் பேசுவது பழைமைவாதமாகாதா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். கணினியில் வரைந்து, மெழுகில் அச்சிட்டு, வார்த்தெடுக்கும் முறை மும்பையின் ஏற்றுமதி வளாகங்களில் பல ஆண்டுகளாக நடப்பில் உள்ளது. நூரம்பர்க் கைவினைஞர் ஒருவரின் தனிப் படைப்பாக இருந்த கடிகாரம் எண்ணற்ற பகுதித் தொழிலாளர்களின் கூட்டுப் பொருளாக மாறியதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விளக்குகிறார். நகைத் தொழிலிலும் அதுவே நிகழ்கிறது: ஒருவர் மெழுகு, ஒருவர் வார்ப்பு, ஒருவர் கல், ஒருவர் மெருகு. இயந்திரத்தை எதிர்ப்பது நம் வேலையன்று. ஆனால் முழு நகையையும் தலைமுதல் கால்வரை அறிந்தவரைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மலிவாக வாங்குவதற்கு வளர்ச்சி என்று பெயரிடுவதை ஏற்க முடியாது. வார்ப்பில் வந்த நகைக்கும் கல்லைப் பதித்து, விளிம்பை ராவி, கீலைப் பொருத்துவது இன்றும் கைதான்.

அரசின் ஓர் ஆணை ஒரு திறனை எவ்வாறு அழிக்கும் என்பதற்கு வரலாறும் உண்டு. 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேல் நகை செய்வதைத் தடை செய்தன. 14 காரட் என்றால் தங்கம் 58 விழுக்காடு சொச்சம். நிறம் வேறு, இறுக்கம் வேறு, உருகுநிலை வேறு, பற்றாசு வேறு. 22 காரட்டில் பழகிய கைகள் ஒரே இரவில் பயனற்றுப் போயின. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். தற்கொலைச் செய்திகள் வந்தன. 1966இல் அந்த வரம்பு விலக்கப்பட்டது. 1968இல் சட்டமாகிய கட்டுப்பாடு 1990 வரை நீடித்தது. தங்கப் பதுக்கலை ஒழிக்கப் புறப்பட்ட ஆணையில் பதுக்கியவர்கள் தப்பினர், பட்டறைக்காரர்கள் மாண்டனர்.

இன்றைய ஒன்றிய அரசின் விடை 2023இல் அறிவிக்கப்பட்ட விஸ்வகர்மா திட்டம். 18 தொழில்களுள் பொற்கொல்லரும் ஒருவர். அடிப்படைப் பயிற்சி ஐந்து முதல் ஏழு நாள், நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், அப்பால் கடன். பற்றாசு ஓடும் நிறத்தைக் கண்டறியவே ஆண்டுகள் தேவைப்படும் தொழிலுக்கு ஏழு நாள்! குடும்ப வழித் தொழில் என்ற அளவுகோலில் மறைந்திருக்கும் குலத்தொழில் கருத்தைத் தமிழ்நாடு சுட்டிக்காட்டித் திட்டத்தை ஏற்க மறுத்தது. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது மற்றொரு நிபந்தனை: பயனாளி சுயதொழில் செய்பவராக இருக்க வேண்டும். பிறர் பட்டறையில் துண்டுக் கூலிக்கு அமர்ந்திருக்கும் தாஸ்பூர் இளைஞர் இதன்படி கைவினைஞரே அல்லர்.

சட்டத்தின் கண்ணுக்கும் அவர் தென்படுவதில்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அதனைப் பத்தாக உயர்த்தியிருக்கிறது. ஆறேழு பேர் வேலை செய்து, அங்கேயே சமைத்து, அங்கேயே உறங்கும் பட்டறை வரம்புக்கு வெளியே போய்விட்டது. காட்மியம் கலந்த பற்றாசின் நஞ்சாவியை ஆண்டுக்கணக்கில் உள்ளிழுத்தவர்களின் நுரையீரலுக்குப் பொறுப்பேற்க எவரும் இல்லை. 2019 ஆகஸ்டு இறுதியில் மெட்ரோ சுரங்கப் பணியால் பௌபஜாரில் வீடுகள் இடிந்தன. பாதிக்கப்பட்ட சந்துகளுள் ஒன்றின் பெயர் சேக்ராபாரா, அதாவது பொற்கொல்லர் தெரு. வீட்டுக்காரரிடம் பத்திரம் இருந்தது; பட்டறையின் ஒரு மூலையில் அமர்ந்து உழைத்தவரிடம் காட்ட என்ன இருந்திருக்கும்? 2025இலோ வங்கமொழி பேசியதற்காகவே பல மாநிலங்களில் புலம்பெயர் தொழிலாளர்கள் அயல்நாட்டார் என்ற ஐயத்தில் பிடித்துவைக்கப்பட்டனர். அவர் எங்கே, எத்தனை ஆண்டுகள், யாரிடம் வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாத நிலை அப்போது வெறும் கூலிப் பிரச்சினையாக நிற்கவில்லை.

ஆகவே முதற்கோரிக்கை எளிமையானதாகவே இருக்கட்டும்: கொடுத்த தங்கம், எடுத்த நேரம், பேசிய கூலி, செய்தவரின் பெயர் ஆகிய நான்கும் எழுதிய சீட்டு ஒவ்வொரு உருப்படிக்கும் வேண்டும். ஆறிலக்கக் குறியோடு செய்தவரின் பதிவெண்ணையும் இணைப்பது தொழில்நுட்பத்துக்குக் கடினமன்று. கூலியைக் கிராமிலிருந்து பிரித்து நேரத்தோடும் திறனோடும் கட்டுவது அடுத்த படி. அதற்குப் பேச்சுவார்த்தை மேசை வேண்டும், மேசைக்குச் சங்கம் வேண்டும். கோவையில் தமிழ்த் தொழிலாளியும் வங்கத் தொழிலாளியும் ஒரே பட்டறையில் அமர்ந்திருக்கின்றனர். அங்கே சங்கத்தின் முதல் துண்டறிக்கை இரு மொழிகளிலும் அச்சாக வேண்டும்.