மறுசுழற்சிக் காகிதம்: மை நீக்கத்தில் எஞ்சும் கசடு யார் பொறுப்பு?

புதுடெல்லி: பழைய காகிதத்தை மறுசுழற்சி செய்வதால் மரங்கள் காக்கப்படுகின்றன. ஆனால், அதிலிருந்து நீக்கப்படும் மை மறைந்துவிடுவதில்லை.

காகிதக்கூழில் காஸ்டிக் சோடா சேர்க்கப்படும்போது இழைகள் உப்பி, மை பிரிகிறது. கூழ் மஞ்சளாவதை ஹைட்ரஜன் பெராக்சைடு தடுக்கிறது. காற்றுக் குமிழிகளில் ஒட்டி மேலெழும் மைத் துகள்கள் நுரையுடன் வழித்தெடுக்கப்படுகின்றன. இந்த நுரையே கசடாகிறது. ரசாயனங்களின் ஒரு பகுதி கழிவுநீரில் கலக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரில் காகித ஆலைகள் செறிந்துள்ளன. அங்கு ஓடும் காளி நதி, ஹிண்டன் வழியாக யமுனையை அடைகிறது. எனவே, சுத்திகரிப்பில் நேரும் குறைபாடு ஆலையின் மதிலோடு நின்றுவிடாது.

நொதிகளைப் பயன்படுத்துவதும், லேசர் அச்சுத் தாள்களைச் செய்தித்தாள்களிலிருந்து முன்கூட்டியே பிரிப்பதும் ரசாயனத் தேவையைக் குறைக்கும். சுத்திகரிப்புச் செலவைச் சேர்க்காமல் போடப்படும் மறுசுழற்சிக் கணக்கு, மரத்தைக் காத்து நதியை இழப்பதில்தான் முடியும்.