பவுல் பயணித்த கடலில் நச்சுச் சொறிமீன்கள்



திருத்தூதர் பவுல் கப்பலேறிய மத்தியதரைக் கடலில், கோடையில் நீந்தச் செல்வோர் இன்று அஞ்சுவது சொறிமீனுக்கு. அறிவியலார் 'நாடோடி' என்று பெயரிட்ட இனம் இது. உடலில் பட்டால் தீப்பட்டதுபோல் எரியும். 1869-இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் வழியாகச் செங்கடலிலிருந்து நுழைந்து, 1970-களில் இஸ்ரயேல் கரையோரம் காணப்பட்டது. பிறகு லெபனோன், துருக்கி. 2015-க்குள் தூனிசியா, சிசிலிப் பக்கம் வரை! 2011-இல் இஸ்ரயேலின் ஹதேரா மின்நிலையத்தில் குளிர்நீர் உள்ளே வரும் வழியைச் சொறிமீன் கூட்டம் அடைத்துக்கொண்டது.

மால்தாவில் பவுலின் கையைப் பற்றிய விரியன் பாம்பு நமக்கு நினைவிருக்கும் (திப 28). சுள்ளிகளிடையே கிடந்த அது வெளியே வந்தது வெப்பத்தினால்தான் என்று லூக்கா எழுதுகிறார். இங்கும் வெப்பமே துணை. கடல் சூடேறச் சூடேற, வெதுவெதுப்பான நீருக்குப் பழகிய இவ்வினம் மேற்கே நகர்கிறது. ஆனால் கதவைத் திறந்தது பாம்பல்ல, நாம். கசப்பு ஏரிகளின் மிகுதியான உப்பு முன்பு ஓரளவு தடையாக இருந்தது. அது காலப்போக்கில் கரைந்துபோனது. 2015-இல் கால்வாய் விரிவாக்கப்பட்டபோது கடலியல் அறிஞர்கள் எச்சரித்தார்கள். கப்பல் வணிகத்தின் இரைச்சலில் அது யார் காதில் விழும்?

உல்லாசப் பயணி வேறு கடற்கரைக்குப் போய்விடலாம். அந்த வணிகத்தில் பங்கில்லாத சிறு மீனவர்தான், மீனுக்குப் பதில் சொறி நிறைந்த வலையை எரியும் கைகளோடு இழுத்துக்கொண்டிருக்கிறார்.