வானிலைப் படம் நமக்கும் உரியதே

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டை விட்டு மரமெங்கும் வழியும். மங்கில் சேர்ந்த பாலும் மழைநீரோடு போய்விடும். இதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் மழை வருமா வராதா என்ற கேள்விக்கு மட்டும் இன்றைக்கும் பிரட்டுக்களத்தில் நின்று மண்டோரின் முகத்தைப் பார்க்கிறோம். மண்டோர் வானத்தைப் பார்க்கிறார். வானிலைப் படமோ அவரவர் கைத்தொலைபேசியிலேயே கிடக்கிறது!

அதெல்லாம் படித்தவர்கள் விவகாரம் என்று தோழர்கள் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத நாடுகள் கூடி வகுத்துக்கொண்ட அடையாளங்கள் அவை. ஒரு புள்ளி என்றால் மழை. ரஷ்யருக்கும் அதே, ஜப்பானியருக்கும் அதே, நமக்கும் அதே. ஒற்றைப் புள்ளி விட்டு விட்டுத் தூறும் சிறு மழை. பக்கத்தில் பக்கமாக இரண்டு புள்ளி இருந்தால் விடாத சிறு மழை. நான்கு புள்ளி கூடி நின்றால் விடாத பெருமழை. அன்று கத்தியைத் தீட்ட வேண்டாம். தலைகீழ் முக்கோணத்தின் மேல் ஒரு புள்ளி இருந்தால் திடீரென்று கொட்டி ஓய்கிற மழை.

வட்டம் வானத்தைக் குறிக்கும். முழுதும் கறுத்திருந்தால் மேகம் மூடிய வானம். வெறும் வட்டமானால் தெளிந்த வானம். இடையில் உள்ளதை எட்டில் ஒரு பங்காக எண்ணுகிறார்கள். எட்டில் ஒன்று என்பது நம் அரைக்கால்தானே! அரைக்கால், கால், அரை, முக்கால் என்று வாய்ப்பாடு சொன்னவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது என்ன பெரிய வித்தை?

காற்றுக் குறியில்தான் பலர் தவறுகிறார்கள். வட்டத்திலிருந்து நீளும் கோல், காற்று போகும் திசையைக் காட்டுவதாக நினைத்துவிடுகிறார்கள். அது காற்று வரும் திசையைக் காட்டுவது. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் தமிழன் பெயரிட்டது எந்த முறையிலோ, அந்த முறையேதான். கோலில் ஒரு முழுக்கீற்று 10 நாட், அரைக்கீற்று 5 நாட், முக்கோணக் கொடி 50 நாட். நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கோத்தா பாரு, குவாந்தான் பக்கத்துக் கோல்கள் வடகிழக்கே நீண்டு, கீற்றுகள் கூடிக்கொண்டே போனால், கிழக்குக்கரைத் தோழர்கள் அரிசியையும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் மேட்டில் ஏற்றி வைப்பது நல்லது.

இருபுறம் கொக்கி வளைந்த சிறு வட்டம் புயலுக்கு உரியது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே அது வராது என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2001 டிசம்பர் 27-ஆம் நாள் வாமேய் என்ற புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. ஆகவே அந்தக் குறியையும் தெரிந்து வைத்திருப்போம்.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நாம் வாதாடவில்லை. மேற்குக்கரையில் விடியுமுன் சீறி வரும் சுமத்ராக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் நீரிணைப் பக்கம் திரண்டு, நாம் மரத்தடியில் நிற்கிற நேரம் பார்த்து வந்து சேரும். முந்தின மாலைப் படம் அதற்கு உதவாது. ராடார் காட்டும் வண்ணப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இடிக்குறி. கோடு ஒன்று மடிந்து இறங்கி அம்பு முனையாக முடியும். மழை நாள் நம் வருமானத்தைக் கெடுக்கிறது. இடி நாள் ஆளையே கொண்டுபோகும். நிரைக்கு நடுவே, தோளில் காண்டாவும் கையில் இரும்புக் கத்தியுமாக நிற்பவனுக்கு மரத்தடி புகலிடம் ஆகாது. தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம் என்கிறது அது. தக்க காரணம் என்ன என்று கேட்பார்கள். "எனக்குப் பயமாக இருந்தது" என்று சொல்வது ஒன்று. "வானிலை இலாகாவின் இடிமழை எச்சரிக்கை இந்நேரத்துக்கு வந்தது, இதோ படம்" என்று நீட்டுவது வேறு.

இங்கே கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்து மழை அளவை அன்றன்று ஏட்டில் எழுதி வைப்பது உங்கள் கைதான். பால்மரம் அழிந்து செம்பனை ஏறிய தோட்டங்களிலும் அந்த ஏடு போய்விடவில்லை. மழை நாள் சம்பளத்தைப் பற்றி நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது, எத்தனை நாள் எவ்வளவு மழை என்ற கணக்கு ஒரு பக்கத்தாரிடம் மட்டும் இருப்பது நியாயமா? அந்த ஏட்டின் நகலை மாதந்தோறும் தரும்படி ஒவ்வொரு கிளையும் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அதோடு, அன்றைய வானிலைப் படமும் குறிகளின் விளக்கமும் தமிழில் பிரட்டுக்களப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். முதல் விளக்கத்தாளை எழுதித்தர எந்தக் கிராணியார் முன்வருகிறார்?